ஓசூர் வழியே கடலுக்குப் போகும் தாள்

பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓசூர் வழியாகப் போனால் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி. அங்கே சென்னைச் சாலையை விட்டுப் பிரிந்தால் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். இந்தச் சாலையில் ஓடும் சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் செய்த வண்டி உதிரிபாகங்கள், கிருஷ்ணகிரி மாங்கூழ், கிரானைட் பலகைகள், ஓசூர் ரோஜாக்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் இவற்றோடு இன்னொன்றும் போகிறது. பஸ்ஸில் தூங்கி வழியும் ஒருவரின் பையில், நீச்சல் உடைக்கும் துண்டுக்கும் நடுவே மடித்து வைத்த ஒரு தாள். ஸ்கூபா பயிலும் மாணவரின் பயிற்சிப் பதிவு அது.

ஓசூருக்கும் பெங்களூருக்கும் கடல் கிடையாது. நீச்சல் குளம் உண்டு. அதனால் இந்தப் பீடபூமியில் வாழும் பலர் பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் பெங்களூரில் முடித்துவிட்டு, மீதியைப் புதுச்சேரியிலோ முருடேஸ்வரிலோ அந்தமானிலோ முடிக்கிறார்கள். குளத்தில் கற்றுக்கொடுத்தவர் ஒருவர், கடலில் சோதித்துப் பார்ப்பவர் இன்னொருவர். ஒருவரை ஒருவர் பார்த்திராத அந்த இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே சாட்சியாகப் போவது இந்தத் தாள்தான். துறையில் 'ரெஃபரல்' என்பார்கள். கடைசிப் பயிற்சி நாளிலிருந்து 12 மாதம் வரை இது செல்லும். இப்போது பல இடங்களில் இது கைப்பேசிக்குள் போய்விட்டது என்றாலும் கட்டங்களும் கையெழுத்துகளும் மாறவில்லை. ஒருவருக்கு ஒரு வேலை தெரியும் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் கேள்விக்கான விடை இந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது.

பிறந்த இடம்

தமிழர் கடலுக்குள் மூழ்குவது புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுக் கணக்கில் முத்தும் சங்கும் குளித்திருக்கிறோம். அங்கே மூழ்கியவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கூடையில் ஏறிவந்த சிப்பியே அவருடைய மதிப்பெண். தகப்பனும் சித்தப்பனும் சொல்லிக்கொடுத்தார்கள், கடல் தேர்வு வைத்தது. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அந்த முறையில் மூச்சு ஒருவருடைய சொந்த மூச்சு. மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோனார், அதோடுதான் திரும்பி வந்தார்.

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கக்னானும் செய்து முடித்த மூச்சுக் கருவி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. சிலிண்டரில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக ரெகுலேட்டர் கொடுக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். முத்துக்குளிப்பவரைக் காப்பாற்றிய அதே பழக்கம், அதாவது மூச்சைப் பிடித்துக்கொள்வது, ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும். கருவி வாங்குவது எளிது, மாட்டிக்கொள்வதும் எளிது. ஆனால் உடம்புக்கு இயல்பாக வருகிற ஒன்றை மறக்கப் பழகாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. தேர்வும் சான்றிதழும் இந்த இடத்தில்தான் தேவைப்பட்டன.

அமெரிக்காவில், பல்கலைக்கழகக் கருவிகளோடு மூழ்கிய இருவர் இறந்துபோனார்கள். அதன்பின் 1952இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம், பயிற்சி பெற்றவர் என்பதற்கு அட்டை கொடுக்கத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க 'சி-கார்டு' என்று சொல்லப்படும் அட்டையின் பிறப்பு அதுதான். இரண்டு மரணங்களுக்குப் பின் பிறந்த அட்டை என்பதை மறக்கக் கூடாது. அங்கே பயின்ற ஆல் டில்மன் 1950களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் பொதுமக்களுக்காக வகுப்பும், ஆசிரியர்களுக்கான பயிற்சியும் தொடங்கினார். 1953இல் பிரிட்டனில் பி.எஸ்.ஏ.சி., 1959இல் மொனாக்கோவில் கூஸ்தோ தலைமையில் சி.எம்.ஏ.எஸ்., 1960இல் டில்மனும் சேர்ந்து தொடங்கிய நாவி, 1966இல் ஜான் குரோனினும் ரால்ஃப் எரிக்சனும் தொடங்கிய பேடி என்று ஸ்கூபா அமைப்புகள் வரிசையாக வந்தன. இன்று ஓசூர்க்காரர் எந்த அமைப்பில் படித்தாலும், முதல் நிலையில் அவர் அடைய வேண்டிய குறைந்தபட்சத் திறன் என்ன என்பதை ஐ.எஸ்.ஓ. 24801 என்ற சர்வதேசத் தரம் வரையறுத்திருக்கிறது.

குளத்தில்

தாளின் முதல் கட்டத்தை நிரப்புவது உடம்பு. மருத்துவப் படிவத்தின் முதல் பக்கத்தில் 10 கேள்விகள். ஆஸ்துமா, இதயம், காது, வலிப்பு, தொடர்ந்து சாப்பிடும் மருந்து என்று அவை போகும். தேவையான இடத்தில் மருத்துவர் கையெழுத்துப் போடாமல் தண்ணீரில் இறங்க முடியாது. "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க சார்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

அடுத்து நீச்சல். பேடியின் ஓபன் வாட்டர் படிப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின் போட்டுக்கொண்டால் 300 மீட்டர். பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேர வரம்பு கிடையாது, எந்தப் பாணியில் நீந்தினாலும் சரி. வேகத்தை இங்கே யாரும் பார்ப்பதில்லை. தண்ணீரில் இருக்கும்போது இவர் பதறுகிறாரா, தன்பாட்டுக்கு இருக்கிறாரா என்பதுதான் பார்க்கப்படுகிறது.

பிறகு திறன்கள். மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது. மாஸ்க்கே இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சு விடுவது. வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது. காற்று தீர்ந்துவிட்டது என்று சைகை காட்டி, துணைக்கு வந்தவரின் மாற்று ரெகுலேட்டரை வாங்கிக்கொள்வது. தரையையும் தொடாமல் மேலேயும் போகாமல், நடுநீரில் 30 விநாடி அசையாமல் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தில் எழுதுவதற்கு மதிப்பெண் இல்லை. நூற்றுக்கு எழுபது, முதல் வகுப்பு, ரேங்க் எதுவும் கிடையாது. ஆசிரியரின் சுருக்கொப்பமும் தேதியும் மட்டுமே.

சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. துளையின் அளவு சரியா என்று பார்க்கும் கோ-நோகோ கேஜை அவர்கள் தினமும் கையில் எடுக்கிறார்கள். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. எத்தனை மைக்ரான் என்று அது சொல்லாது. வண்டியில் மாட்டலாமா கூடாதா என்று மட்டும் சொல்லும். முதல் நிலை ஸ்கூபா மதிப்பீடும் அப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கேஜில் தவறிய உருப்படி கழிவுத் தொட்டிக்குப் போகும். தண்ணீரில் தவறியவர் மறுபடி செய்வார், நாளைக்கும் செய்வார், அடுத்த வாரமும் வந்து செய்வார். இந்த முறையில் தோற்றவர் என்று எவரும் இல்லை, இன்னும் முடிக்காதவர் மட்டுமே உண்டு. எத்தனையாவது முறையில் வந்தது என்பதைத் தாள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இங்கே முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு திறனை எப்படியோ தட்டுத்தடுமாறி ஒருமுறை செய்துவிட்டால் கட்டம் நிரம்பாது. அந்த நிலையில் உள்ள ஒருவரிடம் எதிர்பார்க்கும் அளவுக்கு இயல்பாக, தடங்கலில்லாமல், கேட்கும்போதெல்லாம் செய்துகாட்ட முடிய வேண்டும். கண் பிதுங்க மூச்சிரைக்க மாஸ்க்கை வடித்தவர் அதைச் செய்துவிட்டார், ஆனால் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க மீட்டர் கிடையாது. அளப்பது ஆசிரியரின் கண். அதனால்தான் கையெழுத்துக்கு இவ்வளவு கனம்.

எழுத்துத் தேர்வில் மட்டும் எண் உண்டு. 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஆனாலும் மீதி 25 விழுக்காட்டை விட்டுவிடுவதில்லை. தவறாக எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியர் எடுத்து வைத்துப் பேசி, மாணவருக்கு அது விளங்கிவிட்டது என்று உறுதி செய்ய வேண்டும். பள்ளியில் தவறிய கேள்வி விடைத்தாளோடு போய்விடும். இங்கே தவறிய கேள்விதான் அடுத்த பாடம்.

கடலில்

குளத்துக் கட்டங்கள் நிரம்பியதும் தாள் மலையிறங்குகிறது. ஓசூரைக் கடக்கும் தென்பெண்ணையும் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி அதே வங்கக்கடலுக்குத்தான் போகிறது.

புதுச்சேரியில் படகு ஏறியதும், பெங்களூரில் சரியாக இருந்தவை கொஞ்சம் பிசகும். கடல்நீர் நன்னீரை விட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனம். கருவிகளோடு 80 கிலோ இருப்பவருக்குக் குளத்தில் கட்டிய ஈயம் இங்கே போதாது, சுமார் 2 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். குளத்தில் தரை கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே நாளைப் பொறுத்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடல் கொந்தளித்துக் கலங்கிவிடும். படகு ஆட்டத்தில் வயிறு புரளும். காது அடைக்கும். தாள் இதுவரை கேட்டது, இவருக்குத் தெரியுமா என்று. இனி அது கேட்பது, இத்தனைக்கும் நடுவில் இவருக்குத் தெரியுமா என்று.

அதற்குக் கடலில் குறைந்தது 4 முறை மூழ்க வேண்டும், 18 மீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஓர் ஆசிரியருக்கு அதிகபட்சம் 8 மாணவர்கள். கடல் கலங்கியிருந்தாலோ மாணவர்கள் தயங்கினாலோ அந்த எண்ணைக் குறைப்பது ஆசிரியரின் கடமை. குளத்தில் செய்த அதே மாஸ்க், அதே ரெகுலேட்டர், அதே மாற்றுக் காற்று எல்லாம் மீண்டும் சோதிக்கப்படும். கடலில் சோதிக்கும் ஆசிரியர், வேறொருவர் போட்ட கையெழுத்தை அப்படியே நம்பிவிடுவதில்லை. முதலில் ஆளைத் தண்ணீரில் பார்க்கிறார். தாள் சாட்சி சொல்கிறது, ஆனால் தீர்ப்பு அவருடையது.

சுற்றுலாப் பயணிகளாகச் சற்று நேரம் மூழ்கிப் படமெடுத்துக்கொள்ளும் 'டிரை டைவ்' இதில் சேராது. அங்கே ஆசிரியர் கையைப் பிடித்தபடி கூட வருவார், அதோடு சரி. அனுபவம் கிடைக்கும், தகுதி கிடைக்காது. அந்தப் படத்தைக் காட்டி "எனக்கு ஸ்கூபா தெரியும்" என்று சொல்லிவிடக் கூடாது.

கையெழுத்து

நான்காவது முறை மூழ்கி எழுந்ததும் தாளில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதில் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியர் போடுவது எல்லோருக்கும் தெரியும். மாணவர் போடுவதன் பொருளைப் பலர் யோசிப்பதில்லை. இந்தத் திறன்களையெல்லாம் நான் செய்து முடித்தேன், என் அளவு எனக்குத் தெரியும், அதற்கு மேல் போனால் மேலும் பயிற்சி தேவை என்று மாணவர் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம் அது.

இந்த இடத்தில்தான் இந்த முறையின் பலவீனமும் இருக்கிறது. முதல் நிலையில் கற்பிப்பவரே மதிப்பிடுகிறார், மதிப்பிடுபவருக்குச் சம்பளம் மாணவர் கட்டும் பணத்திலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் பிடிக்க வேண்டும் என்று அவசரப்படும் மாணவர், திங்கள் காலை ஷிப்ட், ஏற்கெனவே கட்டிய தொகை, "கார்டு எப்ப சார் வரும்?" என்ற கேள்வி. இத்தனை நெருக்கடியிலும் "இன்னும் ஒரு நாள் செய்யலாம்" என்று சொல்ல ஆசிரியருக்கு மனத்திடம் வேண்டும். அமைப்புகள் மாணவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, சொல்லிக்கொடுக்காமல் விட்டது எது என்று விசாரிக்கின்றன. புகார் வந்தால் ஆசிரியரின் உரிமம் பறிபோகலாம். ஆனால் அந்த விசாரணைகள் எல்லாம் பிறகு நடப்பவை. படகில், அந்த நேரத்தில், காவலுக்கு நிற்பது ஆசிரியரின் நேர்மை ஒன்றுதான்.

மேல்நிலைப் படிப்புகளுக்குப் போனால் எண்கள் வந்துவிடுகின்றன. பேடியில் டைவ்மாஸ்டர் ஆக விரும்புபவர் 24 அடிப்படைத் திறன்களைச் செய்துகாட்டும்போது ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எதிலும் 3க்குக் குறையக் கூடாது, மொத்தம் 82 வேண்டும். அந்த அளவுகோலைக் கவனித்துப் பார்க்க வேண்டும். செய்யவே முடியாதவருக்கு 1. பெரிய தடுமாற்றத்தோடு செய்தால் 2. சரியாக, ஆனால் வேகமாகச் செய்தால் 3 மட்டுமே. பார்ப்பவர் புரிந்துகொள்ளும்படி நிதானமாகச் செய்தால் 4. இன்னும் நிதானமாக, ஒவ்வோர் அசைவையும் பெரிதாக்கிக் காட்டி, இது இவ்வளவு எளிதா என்று பார்ப்பவர் நினைக்கும்படி செய்தால் 5. விநாடிக் கணக்கில் உற்பத்தி எண்ணும் ஒரு தொழில் நகரத்திலிருந்து போகிறவர், நிதானத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறார். தனக்கு மட்டும் தெரிந்தால் இங்கே போதாது. தன்னைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ள முடிய வேண்டும்.

பேடியில் ஆசிரியர் ஆக வேண்டுமானால் விதி இன்னும் கடுமை. பயிற்சி கொடுத்தவர் தேர்வு நடத்த முடியாது. அமைப்பு அனுப்பும் தனித் தேர்வாளர் வருவார். பிற்காலத்தில் நூறு பேருக்குக் கையெழுத்துப் போடப் போகும் கையை, அந்தக் கைக்கு வேண்டியவர் மதிப்பிடக் கூடாது என்பது நல்ல நியாயம்.

மலையேற்றம்

தாள் இப்போது அட்டையாகிவிட்டது. பெயர், புகைப்படம், எண். அதோடு ஓசூருக்குத் திரும்ப வேண்டும். எழுத்துத் தேர்வில் வந்த ஒரு கேள்வி இந்தச் சாலையில் உயிரோடு எழுந்து நிற்கும்.

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்தபின் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அது முடியும் முன் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், திசுக்களில் குமிழ்கள் உருவாகலாம். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய நோய் அது. அதனால்தான் டைவ் செய்துவிட்டு விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். டைவர் பாதுகாப்புக்காக இயங்கும் டான் அமைப்பின் பரிந்துரை, ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரம், பலமுறையோ பல நாட்களோ மூழ்கியவர் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. விமான அறையின் அழுத்தம் 610 முதல் 2,438 மீட்டர் வரையான உயரத்துக்குச் சமமாக இருக்கும் பயணங்களுக்கு அது பொருந்தும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பெங்களூர் இன்னும் உயரம். புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை வரை பெரிய ஏற்றம் இல்லை. கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சூளகிரிப் பக்கம் சாலை ஏறும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் தெரியாமலே அந்த வரம்புக்குள் நுழைகிறார். ஓசூரில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு.

சென்னைக்காரருக்கு இந்தக் கேள்வி விமானத்தைப் பற்றியது. ஓசூர்க்காரருக்கு அது வீட்டுக்குப் போவதைப் பற்றியது. ஞாயிறு நண்பகலில் கடைசியாக மூழ்கி எழுந்தவர், திங்கள் காலை 6 மணிக்கு முன் மலையேறாமல் இருப்பதே பாதுகாப்பு. அதாவது திங்கள் காலை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் புறப்பட வேண்டும். அட்டை கையில் வந்துவிட்டது, ஆனால் அதற்குரிய முதல் தேர்வை ஆசிரியர் இல்லாமல், பஸ் நிலையத்தில் நின்று, அவரே எழுத வேண்டியிருக்கிறது.

அட்டை எதற்குச் செல்லாது

இந்த அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் திறனுக்கு உண்டு. சில ஆண்டுகள் தண்ணீர்ப் பக்கம் போகாதவரிடம், பொறுப்புள்ள எந்த டைவ் கடையும் அட்டையோடு லாக் புத்தகத்தையும் கேட்கும். மறுபயிற்சி எடுத்துவிட்டு வரச் சொல்லும். அப்படிச் சொன்னால் அவமானமாக நினைக்க வேண்டியதில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த அட்டைக்கு இன்னொரு முக்கியமான எல்லையும் உண்டு. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளும் அணைகளும் ஏரிகளும் நிறைந்த மாவட்டம் இது. குளிக்கப் போன பிள்ளை மூழ்கிவிட்டால் ஊரே கரையில் நின்று தவிக்கும். அந்தத் தவிப்பில் "ஸ்கூபா படிச்ச தம்பி ஒருத்தன் இருக்கான், கூப்பிடுங்க" என்று யாராவது சொல்லக்கூடும். அந்தத் தம்பி இறங்கக் கூடாது. 300 மீட்டருக்கு மேலே உள்ள நீர்நிலையில் மூழ்குவதற்குத் தனிக் கணக்கு உண்டு. கிருஷ்ணகிரி அணையும் கெலவரப்பள்ளியும் அந்த உயரத்துக்கு மேல் இருப்பவை. குவாரிக்குள் கம்பியும் முள்ளும் இருட்டும் இருக்கும். கண் தெரியாத நீரில் கயிறு பிடித்துத் தேடுவதும் உடலை மீட்பதும் தனிப் பயிற்சி, தனி மதிப்பீடு. தெளிந்த கடலில், துணையோடு, 18 மீட்டருக்குள், பொழுதுபோக்காக மூழ்கலாம் என்று மட்டுமே அந்த அட்டை சொல்கிறது. குட்டையில் யாராவது மூழ்கினால் உடனே 101க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறையை வரவழைக்க வேண்டும். கரையில் நிற்பவர் கயிறோ டியூபோ வீசலாம். இரண்டாவது உயிரைத் தண்ணீருக்குள் அனுப்பக் கூடாது.

நாம் மதிப்பெண்ணைப் பார்த்து வளர்ந்தவர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஐ.டி.ஐ., கேம்பஸ் இன்டர்வியூ என்று எங்கும் எண்தான் நம்மைச் சுமந்து வந்தது. அந்த எண்ணுக்காகத் தெரியாததை மறைக்கவும் பழகியிருக்கிறோம். மறைத்தால் மதிப்பெண் கிடைக்கும் தேர்வுகள் உலகில் நிறைய இருக்கலாம். இது அப்படிப்பட்ட தேர்வு இல்லை. ஸ்கூபா கற்கப் போகும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பணம் கட்டும் முன், "இரண்டு நாளில் முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "எப்படியும் முடித்துக் கொடுத்துவிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். "முடிகிற வரை செய்வோம், இல்லாவிட்டால் இன்னொரு முறை வாருங்கள்" என்பவரிடம் சேருங்கள். மாஸ்க் இல்லாமல் மூச்சு விட இன்னும் பயமாக இருந்தால், அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாலும், உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.